நானூறு மீட்டர் வடக்கே

வழக்கறிஞர் கார்பாயெடா படத்தை மேசைமேல் விரித்தார்.
"கறை இங்கே. கப்பல் அங்கே.
நடுவில் நானூறு மீட்டர்.
ஒருவன் துப்பிய எச்சில்
பக்கத்துத் தெருவிலா விழும்?"
பொன்டெவெட்ராவின் அந்த அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
தோசிந்தா சிரிக்கவில்லை.
அவள் மடியில் ஒரு முழக் கயிறு,
முடிச்சிட்ட நெகிழிப் பைக்குள்,
வாய் திறக்காத சிப்பிகளோடு.

என் வேலை, ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
போய்க்கொண்டிருக்கும் ஒன்று அனுப்புகிற
சாம்பல்நிறப் படங்களைப் படிப்பது.
அதற்கு வெளிச்சம் வேண்டாம். மேகம் ஒரு பொருட்டில்லை.
எங்கள் கலீசியக் கரைக்கென்றே செய்ததுபோல.
கடலின் நிறம் அதற்குத் தெரியாது, ஆழம் தெரியாது.
காற்று நீரின் தோலில் எழுப்பும்
விரல்நீளச் சிற்றலையில் மோதித்
திரும்பி வருவதை மட்டும் எண்ணும்.
சொரசொரப்பு வெள்ளை. வழவழப்பு கருப்பு.
எண்ணெய் படிந்தால் சிற்றலை படுத்துக்கொள்ளும்;
அனுப்பிய அலை வழுக்கி அப்பால் போய்விடும்.

அரோசா முகத்துவாரத்தில் சிப்பி வளர்க்கும் மிதவைகள்
நட்ட நாற்றுப்போல வரிசை வரிசையாய் வெள்ளைப் புள்ளிகள்.
தோசிந்தாவுடையவை அதில் மூன்று.
அன்று மாலை அவற்றின் ஓரமாக
ஒரு கருப்பு நூல் மேற்கே ஓடியது.
நூலின் நுனியில் கப்பல் இல்லை.
வடக்கே, தனியாக, ஒரு வெள்ளைப் பொட்டு: ஆல்ட்ரிக்கா.

எழுந்தேன்.
"நகரும் எதுவும் இந்தப் படத்தில்
இருக்கிற இடத்தில் இருப்பதில்லை," என்றேன்.
பாறை தன் இடத்தில் இருக்கும். மிதவையும்.
கருவியை நோக்கி வரும் கப்பலின் எதிரொலியோ
சுருதி கூடித் திரும்பும்;
கூடிய சுருதியைக் கருவி
இடம் என்று எடுத்துக்கொள்ளும்.
தன் சுவட்டைவிட்டுக் கப்பல் தள்ளி நிற்கும்,
வேகம் எவ்வளவோ அவ்வளவு தூரம்.
நானூறு மீட்டரைத் திருப்பிக் கணக்கிட்டேன்:
பன்னிரண்டு நாட், மேற்கு முகம்.
ஆல்ட்ரிக்காவின் பதிவேட்டில், ஆறு நாற்பதுக்கு நேரே,
மாலுமியின் கோணல் கையெழுத்தில்:
பன்னிரண்டு. மேற்கு.

அவர் அசரவில்லை.
"காற்று ஓய்ந்த கடல் கருப்பாக விழுமா?"
விழும்.
"மீன் நெய்?"
விழும்.
"குன்றின் மறைவில் தூங்கும் தண்ணீர்?"
அதுவும்.
"ஆக, அமைதிக்கும் அழுக்குக்கும்
உங்கள் கருவிக்கு வித்தியாசம் தெரியாது."
தெரியாது, என்றேன்.
அன்று காற்று வினாடிக்கு ஆறு மீட்டர்,
அந்தக் காற்றில் கடல் தூங்காது என்று நான் சேர்த்தபோது
எழுத்தர் மை வராத பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

தோசிந்தா யாரையும் கேட்காமல் எழுந்து
பையின் முடிச்சை அவிழ்த்தாள்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நீதிபதி தாமே போய்,
மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லையென்று,
ஜன்னலைத் திறந்தார்.

தீர்ப்பு அடுத்த மாதம்.

கம்பாதோஸுக்குத் திரும்பும் வழியில் அவள் ஓட்டினாள்,
மிதவைக் கடன் பற்றி, மகனுக்குப் பல் முளைப்பது பற்றி,
கார்பாயெடாவின் காலணி பற்றி.
மழை விட்டிருந்தது. ஓர் இலை அசையவில்லை.
இன்றைய படத்தில் முகத்துவாரம் முழுக்கக் கருப்பாக விழும்,
குற்றம் எதுவும் இல்லாமலே.
மணி ஆறு நாற்பது.
"இப்போது அது மேலே போகிறதா? நம்மைப் பார்க்குமா?"
"பார்க்கலாம். ஆனால் நீ ஓட்டும் வேகத்துக்குச்
சாலையில் இருக்க மாட்டோம்.
ஒரு கிலோமீட்டர் வடக்கே,
யாருடைய திராட்சைத் தோட்டத்திலோ."
அவள் வடக்கே திரும்பிப் பார்த்தாள்.
"ஐயோ, அது செரோடியோவின் தோட்டம்," என்று
பிரேக்கை மிதித்தாள்.